என் குப்பையைப் படித்தவர்

கள்ளிக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மாடிப்படிக்குக் கீழே ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருந்தது. மாடியில் நாங்கள், கீழே வீட்டுக்காரம்மா. இரண்டு வீட்டுக் குப்பையும் அதில்தான் விழும். காலையில் வண்டி வருவதற்கு முன்னால் வீட்டுக்காரம்மா ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, மக்குகிற குப்பையை ஒரு வாளியிலும் மக்காததை இன்னொன்றிலும் பிரிப்பார். பிரிக்காமல் கொடுத்தால் வண்டியில் வருகிற பெண் வாங்கமாட்டாள். "நாங்களே பிரிச்சுக் குடுத்துடறோம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "உனுக்கு ஆபீஸ் கீது, நீ போ. எனுக்கு இன்னா வேலை" என்றார். எவ்வளவு நல்ல மனுஷி என்று அன்று இரவு கணவரிடம் வேறு சொன்னேன்.

நானும் கணவரும் திண்டிவனத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். இருவருக்கும் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. குழந்தைக்காக முயற்சி செய்துகொண்டிருந்த மூன்றாவது வருடம் அது. எனக்கு பிசிஓஎஸ். முட்டை மாதாமாதம் முதிர்ந்து வெளியே வராது. மாதவிலக்கு நாற்பது நாளிலோ அறுபது நாளிலோ அதன் இஷ்டத்துக்கு வரும். காலையில் கண்ணாடி முன் நின்று தாடை முடியைப் பிடுங்குவேன். மாத்திரையை விழுங்கிவிட்டு, குமட்டலோடு ஸ்கூட்டியை எடுப்பேன். "உடம்பைக் குறை, கரு தானா நிக்கும்" என்று லிஃப்டில் பார்த்தவர்கள்கூடச் சொன்னார்கள். அரிசியை விட்டேன், சர்க்கரையை விட்டேன், அயனம்பாக்கம் ஏரிக்கரையில் கால் வலிக்க நடந்தேன். உடம்பு இரண்டு கிலோ குறைந்தது, சொல்கிறவர்களின் வாய் குறையவில்லை.

ஒருமுறை ஐம்பது நாள் தாண்டியும் எனக்கு வரவில்லை. வீட்டிலேயே மூன்று தடவை சோதித்தேன், மூன்று தடவையும் ஒற்றைக் கோடு. பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். மருத்துவர் ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்றார். இப்படித் தள்ளிக்கொண்டே போவது கர்ப்பப்பைக்கு நல்லதல்ல, மாதவிலக்கு வரவைக்க வேண்டும் என்று பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதமாக அந்த டிரம்மில் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின் பொட்டலம் எதுவும் விழவில்லை என்பதை வீட்டுக்காரம்மா கவனித்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மாடிப்படி பதினாறு படிதான். ஆனால் அவர், சமயத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கி வைத்திருந்த என் மாமியாரின் எண்ணுக்குப் போன் போட்டார். "உம் மருமவ முழுவாம கீறா. உனுக்கு இன்னும் சொல்லலியா?"

மறுநாளே அத்தை வந்து இறங்கினார். ஒரு டப்பா நிறைய அதிரசம், குங்குமப்பூ, கிழிந்த பருத்திப் புடவைகளைத் துவைத்து மடித்த ஒரு மூட்டை. பிள்ளைக்கு விரிக்கவாம். வாசலில் நின்றபடியே என் கன்னத்தைத் தொட்டு அழுதார். அந்தக் கையை விலக்கி, "இல்லத்தே, அப்படி ஒண்ணும் இல்ல" என்று சொல்லும் வேலையை வீட்டுக்காரம்மா எனக்கு வைத்திருந்தார். ஒற்றைக் கோட்டைக் காட்டினேன். "மொதல்ல அதுல தெரியாதும்மா, நீ சும்மா இரு" என்று ஸ்கூட்டி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். சாப்பிட வேண்டிய மாத்திரையில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. முடித்தேன். மூன்றாம் நாள் உதிரம் வந்தது.

மறுநாள் காலை டிரம்மில் வீட்டுக்காரம்மாவுக்கு இரண்டு பொருள்கள் கிடைத்தன. ஒன்று பொட்டலம், இன்னொன்று காலியான மாத்திரை அட்டை. அட்டையைத் தெருமுனை மருந்துக்கடைக்கு எடுத்துப்போய்க் கேட்டிருக்கிறார். பீரியட்ஸ் வருவதற்குப் போடுவது என்று கடைக்காரர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். அதோடு நேராக மாடியேறி வந்து அத்தையின் கையில் அட்டையை வைத்தார். "இந்தா, நீயே பாரு. கலைச்சிட்டா. வேலைக்குப் போவணுமில்ல, அதான்."

அத்தை கத்தவில்லை. "வேணாம்னா பெத்து எங்கிட்ட குடுத்திருக்கலாமேம்மா. நான் வளத்திருப்பேனே" என்றார். என் கோபம் அவர்மேல் பாதிதான். மீதி முழுவதும் வீட்டுக்காரம்மாமேலும் கணவர்மேலும். ரத்தப் பரிசோதனைத் தாளைக் கணவரின் கையில் கொடுத்து, அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி. வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இப்போ எது சொன்னாலும் ஏறாது. நாலு நாள்ல மறந்துடுவாங்க, விடு" என்றார். அவர் அன்று அதைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் அவசியம் எனக்கு இருந்திருக்காது.

ஏழு வருடமாகிவிட்டது. இப்போது அயனம்பாக்கத்தில் இருக்கிறோம். பிள்ளை இல்லை. ஒன்பதாம் நாள், பதினோராம் நாள், பதின்மூன்றாம் நாள் என்று முட்டை வளர்ந்திருக்கிறதா பார்க்கும் ஸ்கேனுக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். மார்கழிக் கடைசியில் வீட்டுக்காரம்மாவிடமிருந்து போன் வந்தது. அவருடைய மகளுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம், எனக்கிருக்கும் அதே கோளாறாம். "உன் டாக்டர் நம்பர் குடும்மா. யார் காதுலயும் போட்டுடாத. அவ மாமியா ஒரு மாதிரி" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் அந்தப் பெண் எனக்கு என்ன செய்தாள்? எண்ணைக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு, "எங்க அத்தைக்கு ஒரு போன் போட்டு, அன்னிக்கு நான் எதையும் கலைக்கலைன்னு சொல்லுங்கம்மா" என்று கேட்டேன். "அதெல்லாம் ஆயி எத்தினி வருசம் ஆவுது. இப்போ போயி கிளறிகினு. அவங்களே மறந்துருப்பாங்க" என்றார்.

அடுத்த வாரம் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். பக்கத்து வீட்டுக் குழந்தை புத்தகப் பையை மாட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டு ஓடியது. அத்தை என் பக்கம் திரும்பாமல், சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனிடம் சொன்னார். "அது இருந்திருந்தா இந்த வருஷம் ஒண்ணாவது போயிருக்கும்டா."

உண்டாகவே இல்லாத பிள்ளைக்கு அவர் வருடம் தவறாமல் வயது கூட்டிக்கொண்டிருக்கிறார். நான் கணவரைப் பார்த்தேன். அவர் சாம்பாரை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்.