ஸஹ்லேயில் பிடிக்காத நோன்பு

கலீலுர் ரஹ்மான் காக்காவின் சம்பளமே அவருடைய நாக்குக்குத்தான். துபாய் ஹம்ரியா பழச்சந்தையில் பதினெட்டு வருடமாக இருந்தார். ஒரு திராட்சையை வாயில் போட்டால் எந்த ஊர்ச் சரக்கு, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவார். கீழக்கரைக்காரர். நானும் அதே ஊர்தான்; எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம். அதே கடையில் எடை போடுகிறவன், தேரா பகுதியில் அவரோடு ஒரே ரூம்.

அவருக்கு இருந்த ஒரே வியாதி சந்தேகம். பிறர் குடித்த டம்ளரை மூன்று முறை கழுவுவார். ஹோட்டலில் கோழி வந்தால் அறுத்தவன் பெயர்வரை விசாரிப்பார். அவர் விசாரித்து முடிப்பதற்குள் நாங்கள் எலும்பைக் கடித்துக்கொண்டிருப்போம்.

1997 ஆகஸ்டில் எங்கள் அரபி முதலாளி அவரை லெபனானுக்கு அனுப்பினார். ஸஹ்லே என்கிற ஊரில் எலியாஸ் என்பவருக்குத் திராட்சைத் தோட்டம். பழத்தை ருசி பார்த்து, பிடித்தால் சரக்கு பேசி முடித்துவிட்டு வரவேண்டும். காக்காவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அதுவும் ஒரு நாள்தான். அந்த ஊர் வைனுக்குப் பேர்போனது என்று யாரோ காதில் போட்டுவிட்டார்கள்.

"கிறிஸ்தவங்க வூடுடா ராஜிக். சட்டி, கிளாசு எல்லாத்துலயும் வைன் பட்டிருக்கும். சாப்புடச் சொன்னா என்ன செய்ய?"

"நோன்புண்டு சொல்லிருங்க காக்கா. அதுக்கு மேல ஒருத்தரும் வற்புறுத்த மாட்டாங்க" என்றேன். பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நினைப்பு.

அங்கே நடந்ததைத் திரும்பி வந்த பிறகு அவரே சொன்னார். வெயில் கண்ணைக் கூசுகிறது, ஆனால் வேர்க்கவில்லை. அதுவே அவருக்கு அதிசயமாக இருந்தது. ஊருக்கு நடுவே ஓர் ஆறு. வீடுகளுக்குச் சிவப்பு ஓடு. எலியாஸ் இவரைக் கட்டிப்பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனார். மேசை முழுக்கச் சாப்பாடு தயாராக இருந்தது.

அன்று திங்கட்கிழமை. எங்களில் பலர் சுன்னத்தான, அதாவது கட்டாயமில்லாத, நோன்பு வைக்கிற நாள். காக்கா நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை ஒப்பித்தார்: "மன்னிக்கணும், இன்னிக்கு எனக்கு நோன்பு."

எலியாஸின் மனைவி எழுந்தாள். தட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப்போனாள். ஐந்து வயதுச் சின்ன மகள் ரொட்டிக்குக் கை நீட்டினாள். அம்மா அவளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்போதுதான் காக்காவுக்கு உறைத்தது. நோன்பாளி எப்படிப் பழத்தை ருசி பார்ப்பது? வந்த வேலையே அதுதானே! எலியாஸ் சிரித்துக்கொண்டே, "நீங்கள் பார்த்தால் போதும், என் வீட்டுக்குப் பறிப்பதுபோலப் பறித்து அனுப்புகிறேன்" என்றார். இவர் மனம் கேட்கவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைசிக் கொடிவரை போய், குனிந்து ஒரு பழத்தைக் கடித்தார். முதல் பழம் முதலாளிக்காக. காலையிலிருந்து பட்டினி, மிச்சக் குலை வயிற்றுக்காக. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

சாயங்காலம் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டிலிருந்து பேரீச்சம்பழமும் பருப்புக் கஞ்சியும் வந்தன. பாத்திரமும் அவர்களுடையது. பள்ளிவாசலில் பாங்கு கேட்டதும் எலியாஸின் மனைவி பேரீச்சம்பழத் தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒன்றை எடுத்த பிறகுதான் அந்தக் குடும்பமே ரொட்டியைத் தொட்டது. மத்தியானத்திலிருந்து யாருமே சாப்பிடவில்லை.

"அந்தப் பேரீச்சம்பழம் தொண்டையில இறங்கலடா" என்றார் காக்கா.

சரக்கு வந்தது, சந்தையில் அதற்கு ஈடு கிடையாது. ஒவ்வொரு வருடமும் சரக்கோடு கூடுதலாக ஒரு சின்னப் பெட்டி, அதில் அவர் பெயர். அதை எங்களுக்கே கொடுத்துவிடுவார், ஒரு பழம் தொடமாட்டார். திங்கட்கிழமை தவறாமல் நிஜமாகவே நோன்பு பிடிக்க ஆரம்பித்தார். சந்தையில் எல்லோரும் அவரை மகா பக்திமான் என்றார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் சுண்டிப்போகும்.

1999இல் எலியாஸ் துபாய் வருகிறார் என்று முதலாளி சொன்னார். காக்காவுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. "இந்தத் தடவ சொல்லிரணும்டா. சொல்லலண்டா நான் மனுசனில்ல" என்றார். நான் வேண்டாம் என்று தடுத்துப் பார்த்தேன். எதற்குத் தடுத்தேன் என்று எனக்குத் தெரியும்.

எலியாஸ் கடைக்கு வந்தார். அதே கட்டிப்பிடிப்பு. டீ வந்தது. காக்கா டீயைத் தொடாமல், தலையைத் தூக்காமல், அரபியில் சொன்னார்: "அன்றைக்கு எனக்கு நோன்பு இல்லை. உங்கள் பாத்திரத்தைச் சந்தேகப்பட்டுப் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் எலியாஸ்.

எடை போட்டுக்கொண்டிருந்த நான் திரும்பிப் பார்த்தேன்.

"கடைசிக் கொடியில் நீங்கள் சாப்பிட்டதை என் மனைவி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள். எனக்குக் கோபம் வந்தது. சாப்பாட்டை எடுத்து வை, அவர் முன்னாலேயே சாப்பிடுவோம் என்றேன். அவள் கேட்கவில்லை. 'நாம் சாப்பிட்டால் நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்துவிடும். நம் வீட்டில் வைத்து ஒரு மனிதர் வெட்கப்படக் கூடாது' என்றாள். பசித்திருந்த சின்னவளையும் கதை சொல்லித் தூங்கவைத்துவிட்டாள்."

காக்கா என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "அந்தப் பச்சப் புள்ளையுமாடா?" என்று தமிழில் கேட்டார்.

எலியாஸ் டீயைக் குடித்துவிட்டு, "இத்தனை நல்ல மனிதர் நீங்கள், உங்களுக்கு எப்படி அப்படிச் சொல்லத் தோன்றியது?" என்று கேட்டார்.

யோசனை சொன்னவன் இரண்டடி தூரத்தில் தராசோடு நின்றுகொண்டிருந்தான். காக்கா என்னைப் பார்க்கவே இல்லை. "என் புத்திதான்" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை.