முன்விரோதம்

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் அரியலூரில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தார். காலையில் டைப்ரைட்டிங் வகுப்பு நடத்துவார். மதியம் செய்திகளை எழுதிக் கவரில் போட்டுத் திருச்சி ரயிலில் கொடுத்தனுப்புவார்.

ஒரு கோடையில் ஊருக்கு வெளியே சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் மண் சரிந்து, கூலி வேலை செய்த பெண் ஒருத்தி இறந்துபோனாள். அவள் அன்று வேலைக்கே வரவில்லை என்று சாதித்தார் ஒப்பந்தக்காரர். என் கணவர் அவளுடைய புருஷனையும் கூட வேலை செய்தவர்களையும் பார்த்துப் பேசி, நடந்ததை எழுதினார். செய்தி வந்த மறுநாள் காலை, ஸ்டேஷன் ரோடு டீக்கடை வாசலில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் அவரைக் கட்டையால் அடித்தார்கள். கடை நிறையக் கூட்டம். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

தாடை எலும்பு உடைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் வாயைத் திறக்க முடியாதபடி துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அதனால் புகார் கொடுக்க நான் போனேன்.

“எதுக்கும்மா வம்பு? பஸ் படியிலேர்ந்து விழுந்துட்டாருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க” என்றார் ஏட்டு.

“அவரு பஸ்ஸுலயே ஏறலைங்க. அடிச்சாங்க. எதுக்கு அடிச்சாங்கன்னும் எழுதிக்குங்க.”

“அப்ப பாத்தவங்களக் கூட்டிட்டு வாங்க.”

டீக்கடைக்காரர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறந்தவளின் புருஷன்தான் தானாக வீடு தேடி வந்தார். அடி விழுந்தபோது அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்றிருந்தாராம்.

“நான் பாத்தேங்க்கா. வந்து சொல்றேன்.”

“உங்களுக்குச் சுரங்கத்து வேலை போயிடுமே?”

“எம் பொண்டாட்டி செத்தத அண்ணன் ஒருத்தர்தானே எழுதினாரு” என்றார். அதற்கு மேல் நான் தடுக்கவில்லை.

ஏட்டு வேண்டாவெறுப்பாகப் புகாரை வாங்கிக்கொண்டார். அங்கிருந்து நேரே திருச்சிக்கு ரயிலேறி, பத்திரிகை ஆபீஸில் எல்லாவற்றையும் சொன்னேன். உதவி ஆசிரியர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். “போட்டுடறோம்மா, கவலைப்படாதீங்க” என்றார்.

போட்டார்கள். உள்பக்கத்தின் ஒரு மூலையில், முன்விரோதம் காரணமாக அரியலூரில் ஒருவர் தாக்கப்பட்டார் என்று நாலு வரி. நிருபர் என்று இல்லை. சுரங்கம் என்ற சொல்லே இல்லை. அவருக்குக் காட்ட வேண்டாமென்று நினைத்தேன். கையை நீட்டிக் கேட்டார். படித்துவிட்டுப் பென்சிலை எடுத்து, செய்திக்குப் பக்கத்தில் எழுதினார்: “யாரோடு எனக்கு விரோதம்?” நான் வராந்தாவுக்குப் போய் அழுதேன். அடிபட்ட அன்றுகூட அப்படி அழவில்லை.

சாட்சி சொன்னவரை அந்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். பக்கத்துச் சுரங்கங்களிலும் சேர்க்கவில்லை. கரும்பு வெட்டப் போகிறேன் என்று பிள்ளைகளோடு ஊரை விட்டே போய்விட்டார். வழக்கு கோர்ட்டுக்கு வந்தபோது அவரைத் தேடிப் பார்த்தோம், கிடைக்கவில்லை. அடித்தவர்கள் விடுதலையாகிச் சிரித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள்.

பத்திரிகை வேறொருவரை நிருபராகப் போட்டது. காரணம் சொல்லவில்லை.

ஆனாலும் சுரங்கத்து ஆட்கள் எங்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. விரல் போனவர், கூலி கேட்டு உதைபட்டவர் என்று யாராவது வந்து, “சார், இத பேப்பர்ல போடுங்க” என்பார்கள். அவர் உட்காரவைத்து முழுக்கக் கேட்பார். கோணலாகக் கூடிய தாடையோடு, ஒவ்வொரு சொல்லாக, “இப்ப நான் எழுதறதில்லைங்க” என்பார். வந்தவர்கள் உடனே எழுந்து போவதில்லை.