ரத்த வங்கிக் கம்ப்யூட்டர் நின்றுபோன காலை

இரண்டு வருடங்களுக்கு முன், திருவண்ணாமலை வேங்கிக்கால் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். சென்னைத் தலைமை அலுவலகம் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் மொத்தமாக ஏற்றியிருந்த பழைய வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. முதலில் ஒரு கம்ப்யூட்டரில் நீக்கிப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. நானோ சீக்கிரம் முடிக்கும் அவசரத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கட்டளையை அனுப்பிவிட்டேன்.

மற்றவையெல்லாம் அணைந்து ஒழுங்காகத் திரும்பி வந்தன. ரத்த வங்கிக் கம்ப்யூட்டரில் மட்டும் கறுப்புத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கீழ்பென்னாத்தூரிலிருந்து பிரசவத்துக்கு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவருக்கு எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ் ரத்தம். இருந்த ஒரே பை ஏறிக்கொண்டிருந்தது. அந்த வகை ரத்தம் கொடுப்பவர்களின் போன் நம்பர்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்.

"என்ன சார் ஆச்சு?" என்றார் ரத்த வங்கி டெக்னீஷியன் மேடம்.

"நெட்வொர்க் பிரச்சனைங்க. இப்ப வந்துடும்."

பொய். மூன்று முறை அணைத்துப் போட்டதும் பழுது நீக்கும் திரை வந்தது. ஆனால் அது நீளமான ரகசிய எண் ஒன்றைக் கேட்டது. அது தலைமை அலுவலகத்தில் இருக்கிறது. கேட்டால், நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில், தானாகச் சரியாகாதா என்று மறுபடி மறுபடி அணைத்துப் போட்டேன். இருபது நிமிடம் ஓடிவிட்டது.

அந்தப் பெண்ணின் கணவர் கதவருகே வந்து நின்றார். "சார், இது சரியாக ஜாஸ்தி நேரம் ஆவுங்களா? ஊர்ல யாரையாச்சும் வரச் சொல்லட்டுங்களா?"

அவர் முகத்தைப் பார்த்து எனக்குப் பொய் வரவில்லை. மேடத்திடம் திரும்பினேன். "என் தப்புங்க. நான்தான் அவசரப்பட்டுட்டேன். எப்ப சரியாகும்னு தெரியல."

"இத அப்பவே சொல்லக் கூடாதா சார்!" என்றபடியே போனை எடுத்து வேறொரு ரத்த வங்கியைக் கூப்பிட்டார். அங்கே ஒரு பை இருந்தது. ஆம்புலன்ஸ் கிளம்பியது.

நான் சென்னைக்குப் பேசினேன். திட்டு விழுந்தது. பிறகு எண்ணை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னார்கள், தட்டினேன். அந்தப் பழைய மென்பொருளில் பாதி நீங்கி மிச்சமிருந்த கோப்பு ஒன்றுதான் வழியை அடைத்திருந்தது. அதை எடுத்ததும் திரை விழித்துக்கொண்டது.

மேடம் போன் செய்ததும் பட்டியலில் இருந்த ஒருவர், செங்கம் ரோட்டில் வாடகை அறையில் தங்கியிருந்த வெளிநாட்டுக்காரர், ஆட்டோ பிடித்து வந்து ரத்தம் கொடுத்தார். பரிசோதனை முடிந்து அது ஏறும்வரை, ஆம்புலன்ஸில் வந்த பைதான் அந்தப் பெண்ணைத் தாங்கியது. மாலையில் ஆபத்து நீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

என் வேலை போகவில்லை. ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இருபது நிமிடத்தை இன்றும் மறக்க முடியவில்லை; அதனால்தான் இப்போதெல்லாம் தப்பு செய்தால், யாரும் கேட்பதற்கு முன்பே நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.