ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு வரம்பு

முள்ளியவளையில் எங்கள் ஒழுங்கைக்குப் போன மாதம் மூன்று வேகத்தடை போட்டார்கள். வேகத்தடையா அது? சரிவும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. தார் பூசிய வயல் வரம்பு. மீன்காரரின் பெட்டி கவிழ்ந்தது. ஒரு ரீச்சர் ஸ்கூட்டியோடு விழுந்து கையை முறித்தார். சனம் மனு எழுதிக்கொண்டு முதலில் என்னிடம்தான் வந்தது. வராமல்? மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நான்தான் இந்தப் பக்கத்துத் தெருக்களில் பாதிக்குக் கிறவல் மண் பறித்துப் பரப்பியவன். மண்ணைப் பற்றி எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

மனுவை வாசித்த பெடியன், "பிள்ளைத்தாச்சியள் ஓட்டோவிலை போகேலாமல் கிடக்கு" என்ற இடத்துக்கு வந்ததும், "வாசிச்சது காணும், தா" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு வயதில் நானும் ரோட்டுக்குக் குறுக்கே மண் போட்டவன்.

தாய் தகப்பன் இல்லாத என்னை வளர்த்தவர்கள் மாமாவும் மாமியும். ஒன்பது வருடம் பிள்ளையில்லாமல் இருந்து, அந்த வருடம்தான் மாமி வயிற்றோடு இருந்தார். ஆலைக்கு நெல் ஏற்றிக்கொண்டு பறந்த உழவு இயந்திரம் எங்கள் கன்றுக்குட்டியை அடித்துப் போட்டது.

"நாளைக்கு என்ரை பிள்ளையும் இந்த ஒழுங்கையிலைதான் தவழப் போகுது" என்று மாமா மண்வெட்டியை எடுத்தார். அவருக்குக் கட்டத் தெரிந்தது வயல் வரம்பு, அதையே கட்டினார். ஒரு சாண் உயரம். நான் மிதித்து இறுக்கினேன்.

"என்னண்ணை, ரோட்டிலை நெல்லு விதைக்கப் போறியளோ?" என்று உழவு இயந்திரக்காரர் சிரித்தார். ஆனாலும் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் போனார்.

மெதுவாகப் போனாலும் வண்டிகள் குலுங்கும். தேங்காய் விழும், விறகு விழும், ஒருநாள் பூசணிக்காயே விழுந்தது. பொறுக்கிக்கொண்டு போய் மாமியிடம் கொடுப்பேன்.

"என்ரை ராசா உழைச்சுக்கொண்டு வந்திட்டான்" என்பார்.

அந்தச் சொல்லுக்காகவே, மாமாவும் உழவு இயந்திரக்காரரும் சூடடிப்புக்கு வயலில் தங்கிய நாட்களில், கிணற்றடி ஈரமண்ணை அள்ளி வரம்பில் போட்டு மிதித்தேன். நான் போட்டதை ஒருவரும் காணவில்லை. நான்கைந்து நாளில் அது என் முழங்காலைத் தொட்டது. நான் இறுக்கிய மண் இலகுவில் கரையாது, அன்றைக்கும் இன்றைக்கும்.

எட்டாம் மாதத்தில் ஒரு காலை மாமிக்கு வயிற்றுக்குத்து வந்தது. வயலுக்கு ஆள் ஓடியது. வரம்பு இல்லாத பின்பக்கத்து வயல் பாதையால் உழவு இயந்திரம் வந்தது. அதன் இழுவைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி மாமியைக் கிடத்தி, தலையை மாமா மடியில் வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பறந்த இயந்திரம் வரம்பில் ஏறி எழும்பியது. பெட்டி தூக்கி அடித்தது. மாமி போட்ட சத்தம் பின்னால் ஓடிய எனக்கும் கேட்டது.

இயந்திரக்காரர் நிறுத்திவிட்டுத் திரும்பினார். "அண்ணை, நீங்கள் கட்டேக்கை இவ்வளவு உயரம் இல்லையே! ஆர் இதை உயர்த்தினது?"

மாமா என் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் காய்ந்த சேறு.

"நான்தான். வேறை ஆர்? நீ ஓடு" என்றார்.

பிள்ளை செத்துப் பிறந்தது. குத்து வந்தபோதே போய்விட்டதோ, அந்தக் குலுக்கத்தில் போனதோ, ஒருவரும் சொல்லவில்லை. மாமா வந்து வரம்பை வெட்டிக் கொட்டினார். என் மண் முதல் நாலு வெட்டுக்கும் அசையவில்லை. பார்க்க வந்த சனம், "உனக்கென்ன விசரோ, உவ்வளவு உயரத்துக்குக் கட்டினாய்?" என்று ஏசியது. "ஓம், நான்தான் உயர்த்தினனான்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். உள்ளே படுத்திருந்த மாமிக்கும் அது கேட்டது.

அதற்குப் பிறகு மாமி அவருக்கு முகம் கொடுக்கவில்லை. மாமா முற்றத்தில் தனியே இருந்து சாப்பிடுவார். மாமி எனக்குச் சோறு குழைத்துத் தந்து, "சாப்பிடு ராசா" என்பார்.

எனக்கு மாமாவில்தான் கோபம். நான் பாடுபட்டு உயர்த்திய வரம்புக்கு அவர் பெயர் எடுக்கிறார். வளர்ந்ததும் அது என் வேலை என்று மாமியிடம் சொல்லியே தீருவேன் என்று கறுவிக்கொண்டு, அந்தச் சோற்றைத் தின்றேன்.