உயிரோடு இருப்பவரை 'அமரர்' ஆக்கினேன்

எங்கள் காஞ்சிபுரம் சேவை சங்கத்தின் பொன்விழாவுக்கு வரலாற்று மலர் தயாரிக்கும் பொறுப்பு, செயலாளரான எனக்கு வந்தது. சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நடேசனைப் பற்றி விசாரித்தபோது, பழைய உறுப்பினர் ஒருவர், "அவரு எப்பவோ போயிட்டாரும்மா" என்றார். நானும் 'அமரர் நடேசன்' என்று எழுதி, மலரை அச்சடித்தும் விட்டேன்.

விழாவுக்கு முந்தின நாள் அவர் குடும்பத்தாரை அழைக்க மாகறலுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் நடேசனே! டவுனை விட்டுப் போனதைத்தான் அந்த உறுப்பினர் சொல்லியிருக்கிறார்.

மலர் இருந்த பையை மடியில் இறுக்கிக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன்.

"புக்கு போட்டுக்கினு இருக்கீங்களாமே, காட்டும்மா" என்றார்.

வேறு வழியில்லாமல் கொடுத்து, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

தன் பெயரை இரண்டு முறை படித்தவர், "இத்தினி வருசமா யாரும் வந்து பாக்கலம்மா. செத்துட்டேன்னு எழுதினப்புறம்தான் வந்திருக்கீங்க" என்றார். அவர் அதைக் கோபமே இல்லாமல் சொன்னதுதான் என்னைச் சுட்டது.

அன்றே எல்லாப் பிரதிகளிலும் அந்தச் சொல்லின் மேல் தாள் ஒட்டினோம். விழாவில் விளக்கேற்றியவரும் அவர்தான். இப்போது மாதம் ஒரு ஞாயிறு, பழைய உறுப்பினர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விடுகிறேன், எழுதுவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும்.

- கு. மாலதி, செவிலிமேடு