கழுத்தில் கட்டி, கையில் கரித்துணி

கிழிந்த பனியன் இருக்கிற வீட்டில் எவனாவது அடுப்புப் பாத்திரம் பிடிக்கக் கரித்துணி பின்னுவானா? நான் பின்னினேன். அதுவும் தென்காசியில், குற்றால சீசன் நேரத்தில், வீடு நிறைய விருந்தாளிகளை வைத்துக்கொண்டு.

காரணம் தாடைக்குக் கீழே வந்த ஒரு கட்டி. சுண்டைக்காய் அளவுதான். திருநெல்வேலி டாக்டர் ஊசி குத்திக் கொஞ்சம் உறிஞ்சிச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, "ரிசல்ட் வந்ததும் கூப்பிடுதோம், கவலைப்படாம இருங்க" என்றார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு? பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனே சொல்வான். திரும்பும் வழியிலேயே கட்டியைப் பற்றி ஃபோனில் தேட ஆரம்பித்தேன். ஆலங்குளம் தாண்டுவதற்குள் செத்துப்போனேன். பாவூர்சத்திரத்தில் காரியமும் முடிந்துவிட்டது.

வீட்டில் விருதுநகரிலிருந்து மனைவியின் தம்பி குடும்பத்தோடு வந்து இறங்கியிருந்தான். சாரல் விழுந்துவிட்டால் எங்கள் வீடு சத்திரம். கட்டியைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று மனைவியிடம் சத்தியம் வாங்கினேன். சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம் வரும். கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு இரண்டு நாள் கூடத்துக்கும் அடுக்களைக்குமாக அலைந்தேன். கை அதுபாட்டுக்குக் கட்டியைத் தடவும்.

"தடவித் தடவியே அதைப் பெருசாக்கிருவிய போல. இந்தாங்க!"

மனைவி என் கையில் இரண்டு பின்னல் ஊசிகளையும் மிச்ச நூலையும் திணித்தாள். யூடியூப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குச் சட்டை பின்னியதில் மிஞ்சிய பருத்தி நூல். முதல் வரிசையை அவளே போட்டுக் கொடுத்தாள். "கரித்துணிதான். நீங்க பின்னினாலும் ஒண்ணும் கெட்டுப்போவாது."

என்மேல் அவளுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அதுவே கூடுதல் என்று அரைமணி நேரத்தில் நிரூபித்தேன். கண்ணிக்குள் ஊசியை விட்டு, நூலைச் சுற்றி இழுத்து, பழைய கண்ணியை நழுவவிட வேண்டும். பச்சைப்பிள்ளை செய்யும். நான் இழுத்தால் தூக்குக்கயிறு மாதிரி இறுகியது.

ஐந்தருவியில் குளித்துவிட்டு எண்ணெய் மினுமினுக்க வந்த மச்சினன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், கோவணமா? இடுப்புச் சுத்தி வராது போலயே!"

"ஒன் வாயை அடைக்கப் பின்னுதேன்லே. அளவு பத்தமாட்டேங்கு."

"அதைக் கீழ போட்டுட்டு வாங்க. அருவியில கழுத்தை நீட்டி நின்னா சுளுக்குப் பிடிச்சதெல்லாம் ஓடிரும்."

கழுத்தை நீட்டவா! தண்ணீர் அடித்துக் கட்டி உடைந்து, ஜனங்கள் சோப்பும் கையுமாக அலறி ஓடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். "ஜலதோஷம்லே" என்றேன். மூக்கு காய்ந்து கிடந்தது.

சாயங்காலம் மனைவி துணியை இழுத்துப் பார்த்தாள். "இங்கன தொளதொளன்னு கிடக்கு. இங்கன ஊசி நுழையாத அளவுக்கு இறுகிக் கிடக்கு. இறுகுன இடத்துக்கெல்லாம் முன்னாடி ஃபோனை நோண்டுனியளா?"

நோண்டியிருந்தேன். ஃபோனைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே இது எங்கிட்ட இருக்கட்டும்." தலையில் பாதி நரைத்தவன், என் ஃபோனைக் கொடு என்று கேட்கத் துணிவில்லாமல் ஊசியை எடுத்தேன்.

மறுநாள் எல்லோரும் தோசை தின்றுகொண்டிருந்தபோது டாக்டர் கூப்பிட்டார். பதற்றத்தில் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள்.

"பயப்படுற மாதிரி ஒண்ணுமில்லை. கடைவாய்ப் பல்லு சொத்தையா இருக்குல்லா, அதுல வந்த நெறிக்கட்டிதான். பல் டாக்டரைப் பாருங்க. பிடுங்கினா வத்திரும்."

"எந்த நெறி, அக்கா?" என்றான் மச்சினன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். இத்தனை நாளும் அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள். என்னை மாதிரி கூடத்துக்கும் அடுக்களைக்கும் அலையாமல் பயந்திருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, நல்லபடியாக இரண்டு வார்த்தை சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, பல்லு பிடுங்கினா ரத்தம் நிக்குமா?"

முந்தானையை விலக்கி என்னைப் பார்த்தாள்.

"செருப்பை மாட்டுங்க" என்றாள். மச்சினன் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டான்.