அம்மாவுக்கு வராத கடைசிப் பகுதி

எங்கள் தெருவில் தடித்த நாவல் எதையும் முழு உடம்போடு நான் பார்த்ததில்லை. யாராவது பழைய புத்தகக் கடையிலிருந்து ஒன்றை வாங்கி வந்தால், அது முதலில் எதிர்வீட்டு டைலர் அக்காவிடம் போகும். அக்கா பிளேடால் தையலைப் பிரித்து, புத்தகத்தை நான்காகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் காக்கி அட்டை வைத்துத் தைத்துவிடுவார். நான்கு வீட்டுக்கு நான்கு பகுதி. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அமாவாசைக்கு அமாவாசை மாற்றிக்கொள்வார்கள். ஆரணியில் அமாவாசையன்று பட்டுத் தறி ஓடாது என்பதால் பெண்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் நாள் அது.

ஒரே புத்தகத்தை நான்கு பேர் ஒரே சமயத்தில் படிக்க அவர்கள் கண்டுபிடித்த வழி இது. என்ன, ஒருத்தி கதாநாயகியின் கல்யாணத்தில் இருப்பாள், இன்னொருத்தி அவளுடைய பேரனுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருப்பாள். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். கடைசிப் பகுதி முன்னதாகக் கையில் வந்தவர் முடிவைச் சொல்லக் கூடாது. பெரியம்மாவுக்கு ஒருமுறை முதல் சீட்டிலேயே கடைசிப் பகுதி வந்துவிட்டது. ஒரு மாதம் முழுக்கத் தெருவில் வாயை இறுக்கிக்கொண்டு, பெரிய அதிகாரி போல நடந்தார்.

போன வாரம் செய்யாறில் என் வீட்டில், தோழி ஒருத்தியோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். நாங்கள் சில அம்மாக்கள் சேர்ந்து மாதம் ஒரு புத்தகம் படித்துப் பேசிக்கொள்கிறோம். பேச்சு சூடாகிவிட்டது. “நானா இருந்தா அந்த வீட்ல ஒரு நாள் இருக்கமாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பினால், என் மகள் கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயது. எவ்வளவு நேரமாக நின்றாளோ. என்னவோ கேட்க வந்தவள் கேட்காமலே போய்விட்டாள். அன்றிலிருந்து எனக்கு எங்கள் ஆரணி வீட்டுத் தறிக்குழிதான் ஞாபகம்.

தறிக்குழி என்பது அப்பா தறியில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கும் பள்ளம். அமாவாசையன்று அது காலியாக இருக்கும். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. தலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட அம்மா என்னைத் தேடுவாள் என்று அதற்குள் இறங்கி ஒளிந்துகொண்டேன். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. அப்படியே தூங்கிப்போனேன்.

விழித்தபோது மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணி, டைலர் அக்கா, கோடி வீட்டு அத்தை, அம்மா. அப்போது கைமாறிக்கொண்டிருந்த நாவலைப் பற்றித்தான் பேச்சு. நாவலில் ஒரு கணவன் மனைவியோடு பேசுவதில்லை. அவள் ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று பை கட்டி வைத்திருக்கிறாள். கடைசிப் பகுதி அன்றுதான் மூன்றாவதாக டைலர் அக்காவுக்கு மாறியிருந்தது; அவர் தைக்கும்போதே அதைப் படித்துவிட்டவர். அம்மா மட்டும்தான் பாக்கி.

“அடிச்சானா? இல்ல. குடிச்சானா? அதுவும் இல்ல. பேசல, அவ்ளோதான?” என்றார் பெரியம்மா. “பேசாத புருசன் கெடைக்க குடுத்து வெச்சிருக்கணும்டி. எங்கூட்டுக்காரரு தூக்கத்துலகூட பேசிகினு கெடக்கறாரு. ஒரே பேஜாரு.”

“இன்னா இருந்தாலும் பெத்த புள்ளய வுட்டுட்டு எவளாவது போவாளா? எழுதனவனுக்குப் புள்ள பெத்த வலி தெரிஞ்சாதான” என்றார் அத்தை.

“அத்த, முடிவ சொல்லாதீங்க. இன்னும் படிக்காதவங்க ஒருத்தவங்க இருக்காங்க” என்று டைலர் அக்கா அதட்டினார். பிறகு அம்மாவிடம், “நீங்க சொல்லுங்கக்கா. அவ போவாளா, மாட்டாளா?” என்றார்.

எல்லோரும் அம்மாவின் வாயைப் பார்த்திருப்பார்கள். எனக்குக் குழிக்குள்ளிருந்து தறியின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

“போவா” என்றாள் அம்மா.

“எப்டிடி அவ்ளோ உறுதியா சொல்ற?” என்றார் அத்தை.

“ஒரே ரூம்ல ரெண்டு பேரு இருந்துகினு, ஒருத்தரு வாயே தொறக்கலன்னா அது இன்னா வீடு? நானா இருந்தா போய்டுவேன். புள்ள தூங்கிகினு இருக்கும்போதே கெளம்பிடணும். அது முழிச்சிகினு இருந்தா நமக்குக் கால் எழும்பாது.”

“பாத்துடி, இன்னிக்கே பையத் தூக்கிடப்போற” என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

அது நாவல் பேச்சு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நாவலில் இருந்தவள் யாரோ ஒருத்தி. அவள் போனால் போகட்டும். ஆனால் ‘போய்டுவேன்’ என்றது என் அம்மா. குழியின் மண்சுவர் முதுகில் சில்லென்று ஒட்டியது. மேலே ஏறி வரவே பயமாக இருந்தது. நான் கேட்டுவிட்டேன் என்று தெரிந்தால் அம்மா இன்னும் சீக்கிரமாகப் போய்விடுவாளோ என்று தோன்றியது.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரும் குறை சொல்லும்படியான மனிதர் இல்லை. என்னோடு பேசுவார், தெருவோடு பேசுவார். அம்மாவோடு பேசமாட்டார். காரணம் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. அப்பா தறியில் இருப்பார். கைக்கு எட்டும் தூரத்தில் அம்மா ராட்டை சுற்றி, தறியில் இங்குமங்கும் ஓடும் நாடாவுக்குள் வைக்கும் சின்னக் குழலில் பட்டு நூலை ஏற்றிக்கொண்டிருப்பாள். அந்தக் குழலுக்குத் தார் என்று பெயர். தார் தீர்ந்தால் அப்பா, “உங்கம்மாகிட்ட தார் வாங்கியா” என்பார். நான் அம்மாவின் கையிலிருந்து வாங்கி அப்பாவின் கையில் கொடுப்பேன். “சாப்புட வரச்சொல்லு உங்கப்பாவ” என்பாள் அம்மா. நான் திரும்பி, “சாப்புட வரணுமாம்” என்பேன். நான் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரத்தில் அவர்கள் என்ன செய்தார்கள் என்று அந்த வயதில் யோசித்ததே இல்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகளுக்கு இந்த வேலை உண்டு என்றும், நம் வீட்டில் நான் அதைக் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறேன் என்றும் எனக்கு உள்ளுக்குள் பெருமை.

குழியில் கேட்டது அந்தப் பெருமையைக் கெடுத்துவிட்டது. ஒரே ரூம், ரெண்டு பேர், ஒருத்தர் பேசவில்லை. அது எங்கள் வீடுதான்.

ஆனால் தப்பிக்கும் வழியையும் அம்மாவே சொல்லியிருந்தாளே. நான் தூங்கக் கூடாது. அவ்வளவுதான். படுத்தால் தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அம்மாவின் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். எப்படியும் தூங்கிப்போவேன். காலையில் விழித்ததும் கண்ணைத் திறக்கமாட்டேன். முதலில் ராட்டைச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பேன். கேட்கும். உயிர் வரும். பிறகு பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலை சாய்த்துத் தூங்கி டீச்சரிடம் திட்டு வாங்குவேன். “புள்ளைக்குக் காத்து கருப்பு பட்டிருக்கும்” என்று அத்தை சொல்ல, வேப்பிலை அடித்தார்கள். அம்மா குழாயடிக்குப் போனால் கூடப் போனேன். கக்கூஸுக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்றேன்.

“இன்னாடி இது, வாலு மாதிரி?” என்று எரிந்து விழுந்தாள் அம்மா. எனக்கு அது நல்ல சகுனமாகப் பட்டது. போகப்போகிறவள் கோபித்துக்கொள்வாளா? அடுத்த நிமிஷமே, போகப்போகிறவள்தான் கோபித்துக்கொள்வாள் என்றும் தோன்றியது. இப்போதும் நான் இப்படித்தான். ஒரு விஷயத்தை ஒரு பக்கமாக நினைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் வந்து நின்றுவிடும்.

ஒருநாள் அம்மாவின் செருப்பை எடுத்துத் தறிக்குழியின் மூலையில் ஒளித்துவைத்தேன். மறுநாளே அதற்கு வேலை வந்தது. காலையில் அம்மா தலைசீவி, நல்ல புடவை கட்டி, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பை.

“தெள்ளாருக்கு உங்க சித்தியப் பாத்துட்டு சாய்ங்காலம் வந்துடறேன். சோறு மூடி வெச்சிருக்கேன். உங்கப்பாகிட்ட சொல்லிடு” என்றாள்.

அப்பா தறியில்தான் இருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். இருந்தாலும் நான் போய், “அம்மா தெள்ளாருக்குப் போறாங்களாம்” என்றேன். அப்பா தலையசைத்தார்.

அம்மா பெரியம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அளவில் பெரிய செருப்பு. தெரு முழுக்க டப் டப் என்று அடித்தது. நான் பள்ளிக்கூட வாசல்வரை போய், உள்ளே போகாமல், அந்தச் சத்தம் போன திசையில் ஓடினேன். அதற்குமுன் தனியாக நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போனதே இல்லை. ஆட்டோவும் லாரியுமாக இருந்த ரோட்டை எப்படிக் கடந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. என் மகள் அப்படி ஓடினால் என்று நினைக்கவே முடியவில்லை.

தெள்ளாருக்குப் போக ஏற வேண்டிய வந்தவாசி பஸ் உறுமிக்கொண்டிருந்தது. அம்மா ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். நான் பின்னாலிருந்து அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“நான் தூங்கலம்மா! முழிச்சிகினுதான் இருக்கேன்! பாரு, நான் முழிச்சிகினுதான் இருக்கேன்!”

பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “ஜல்தி ஏறும்மா, இல்ல எறங்கு” என்றார் கண்டக்டர். அம்மா என்னைப் பார்த்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. படியில் வைத்த கால் அப்படியே இருந்தது. பிறகு அது கீழே வந்தது. பஸ் போய்விட்டது.

பஸ் ஸ்டாண்டு சிமெண்டு பெஞ்சில் என்னை உட்காரவைத்து, விக்கலுக்கு நடுவே ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். தறிக்குழி, தூக்கம், செருப்பு எல்லாம் சொன்னேன். கேட்டு முடித்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். “அது கதடி, பைத்தியம். கதைக்குச் சொன்னது” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நிறுத்தவே முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அன்று மாலைக்குள் தெரு முழுக்க அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. பெரியம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, தறிக்குப் பக்கத்தில் நின்று, நான் அழுததை நடித்தே காட்டினார். “நாவலு படிச்சா நாலு பேரு அழுவாங்கன்னு பாத்தா, படிக்காத இது அழுவுது!”

அப்பா சிரிக்கவில்லை. தறி நின்றது. பெரியம்மா போன பிறகும் வெகுநேரம் நின்றே இருந்தது. அப்புறம் அவர் தறியைப் பார்த்தபடி, “தார் குடு” என்றார்.

நான் வழக்கம்போல எழுந்தேன். அதற்குள் அம்மாவின் கை நீண்டிருந்தது. அப்பா என் தலைக்கு மேலாகக் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். என் வேலையை அவர்களே செய்துகொண்டது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. அதன்பிறகும் அவர்கள் அதிகம் பேசிவிடவில்லை. தார் குடு, சோறு போடு, மழை வருது, அவ்வளவுதான். ஆனால் என் வழியாகச் சொல்வது நின்றுபோனது.

அடுத்த அமாவாசைக்கு அம்மாவுக்குக் கடைசிப் பகுதி வந்தது. ராட்டையை நிறுத்திவிட்டு ஒரே மூச்சாகப் படித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“போய்ட்டாங்களாம்மா அவங்க?”

அம்மா காக்கி அட்டையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

“இல்ல. பஸ்ஸ வுட்டுட்டா” என்றாள்.

எனக்கு அதைவிட நல்ல முடிவு இருக்க முடியாது. அன்று நன்றாகத் தூங்கினேன்.

காலேஜில் படிக்கும்போது அந்த நாவலின் நான்கு பகுதிகளும் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடைத்தன. படித்தேன். அவள் பஸ்ஸை விடவில்லை. விடியற்காலையில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்துகொள்கிறாள். அத்தோடு கதை முடிகிறது. அம்மா இன்னும் ஆரணியில்தான் இருக்கிறாள், அப்பாவோடு. அவளிடம் நான் கேட்கலாம். என் மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போகும் ஒவ்வொரு முறையும் கேட்கத் தோன்றும். கேட்கமாட்டேன். அம்மா என்ன சொன்னாலும் அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியாது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து திரும்பிய அன்று பையை நான்தான் பிரித்தேன். அம்மா அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் திரும்பி வருகிறவளுடைய பையில் அவளுடைய நல்ல புடவைகள் எல்லாம் இருந்தன. கல்யாணப் புடவை மட்டும் இல்லை. அந்தப் புடவைகளைச் சித்திக்குக் கட்டக் கொடுக்க எடுத்திருப்பாளோ? அக்கா தங்கைகள் மாற்றிக் கட்டிக்கொள்வதுதானே. அப்படியும் இருக்கலாம் என்று நான் இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். அன்று எனக்கு அந்த யோசனையெல்லாம் இல்லை. பைக்குள் கைவிட்டு அடிவரை துழாவிப் பார்த்தேன். என் கவுன் ஒன்றுகூட இல்லை. தெள்ளாருக்கு என்னையும் கூட்டிப்போகும் எண்ணமே அம்மாவுக்கு இருந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் பெரிய நிம்மதியாக இருந்தது. சித்தி வீட்டு நாயைக் கண்டால் எனக்கு அவ்வளவு பயம்.